எழுத்துக்கூட்டத் தெரிந்ததும் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை" என்ற குறை நாளிதழ்களின் கடிதப் பகுதியில் அடிக்கடி வருகிறது. பழி பெரும்பாலும் கைப்பேசியின் மேல் விழுகிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பல வீடுகளில் வாசிப்பின் இன்பம் அறுபடுவது கைப்பேசியால் அல்ல, பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு எடுக்கும் ஒரு முடிவால். ஐந்து ஆறு வயதுவரை மடியில் உட்காரவைத்துக் கதை வாசித்துக் காட்டுகிறார்கள். பிள்ளை எழுத்துக்கூட்டத் தொடங்கியதும், "இனி நீயே படி, நான் கேட்கிறேன்" என்று புத்தகத்தை அதன் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர் எதிரே போன அந்த நாளிலிருந்து வாசிப்பு பரீட்சையாகிவிடுகிறது.

இது ஏன் கெடுதல் என்பதற்கு 1986இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த எளிய கணக்கு உதவும். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது இரண்டு திறன்களின் பெருக்கல்: எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன் ஒன்று, மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். முதல் திறனைப் பள்ளிக்கூடம் படிப்படியாகச் சொல்லித் தருகிறது. இரண்டாவது பெரும்பாலும் வீட்டில்தான் வளர்கிறது. கதை கேட்டு, பேசி, எதிர்க்கேள்வி கேட்டு வளரவேண்டியது அது. வீடோ தன் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தின் வேலையை மாலையில் இன்னொரு முறை செய்கிறது.

ஆறு வயதுப் பிள்ளையின் காது அதன் கண்ணைவிடப் பல ஆண்டுகள் முன்னால் இருக்கிறது. காட்டில் வழிதவறியவன், நண்பனைக் காட்டிக்கொடுத்தவன், கடலடியில் ஒளிந்திருக்கும் நகரம் என்று காதால் கேட்டால் அது விழுங்கிவிடும். அதே பிள்ளை தன் கண்ணால் வாசிக்க முடிவது "பந்து உருண்டது. பாப்பா ஓடினாள்" என்ற அளவுதான். காதுக்கான கதையை நிறுத்திவிட்டு இதை மட்டும் நாள்தோறும் கொடுத்தால், புத்தகத்துக்குள் இவ்வளவுதான் இருக்கிறது என்று அது முடிவுகட்டாமல் என்ன செய்யும்? ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள்: எழுத்துக்கூட்டத் தெரிந்த பிறகும் குறைந்தது நான்கைந்து ஆண்டுகள், பிள்ளை தானாக வாசிக்கும் நிலைக்கு மேலே உள்ள புத்தகங்களை வாசித்துக் காட்டிக்கொண்டே இருங்கள். பிள்ளை தானே வாசிக்க வேறு சிறிய புத்தகம் இருக்கட்டும். இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

தமிழில் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 247 எழுத்து என்று மலைக்க வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், ஆய்தம், சில துணைக்குறிகள் இவற்றைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும். சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கின்றன, ஒலியோ எழுத்துக்குப் பின்னால் வருகிறது. 'கொ' என்ற எழுத்தில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. அதன் வலப்பக்கத் துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் அடியில் உள்ள சிறு வால்தான் வித்தியாசம் என்பதால், 'கொடி'யைக் 'கெரடி' என்று வாசிக்கும் பிள்ளை கவனக்குறைவான பிள்ளை அல்ல. அது கண்ணுக்குத் தெரிந்ததை நேர்மையாகச் சொல்கிறது. அப்போது திட்டாமல், 'கொ' முழுவதையும் பென்சிலால் ஒரு வட்டத்துக்குள் அடைத்து "இது மூணும் சேர்ந்து ஒரே எழுத்து" என்று சொன்னால் சில நாளில் சரியாகிவிடும்.

அடுத்தது, எழுதியபடி சொல்லாமை. 'கடல்' என்பதில் வரும் ககரம் வேறு, 'பகல்' என்பதில் வேறு, 'தங்கம்' என்பதில் வேறு. பேசும்போது நாம் உணராமலேயே மாற்றிக்கொள்கிறோம். ஒவ்வொரு எழுத்தாக ப, க, ல் என்று வல்லோசையில் கூட்டும் பிள்ளைக்குத் தன் வாயிலிருந்து வந்த ஒலி தனக்குத் தெரிந்த 'பகல்' என்ற சொல்லாகக் கேட்பதில்லை. 'காற்று', 'கன்று' என்று றகரம் இரட்டிக்கும் இடத்திலும், னகரத்தை அடுத்து வரும் இடத்திலும் இதே தடுமாற்றம். பிள்ளை கூட்டி முடித்ததும் நீங்கள் அந்தச் சொல்லை இயல்பான ஒலியில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். "தப்பு" என்ற சொல் தேவையில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். "நாய் ஓடிக்கொண்டிருந்தது" என்று புத்தகத்தில் இருக்கிறது. 'ஓடிக்கொண்டிருந்தது' பத்து எழுத்து. பத்தாவது எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து நினைவிலிருந்து நழுவியிருக்கும். தட்டுத்தடுமாறி முடித்தாலும், அப்படி ஒரு சொல்லை வீட்டில் யாரும் பேசி அது கேட்டதில்லை. இந்த இடத்தில் செய்யவேண்டியது இது. ஒரு அட்டைத் துண்டால் சொல்லை மறைத்து முதலில் 'ஓடி' மட்டும் தெரியவிடுங்கள். அது பிள்ளைக்குத் தெரிந்த சொல். அட்டையை நகர்த்தி 'க்கொண்டி', அதன்பின் 'ருந்தது'. மூன்றே வெட்டு. பிறகு முழுச் சொல்லையும் நீங்கள் சொல்லி, "நாம பேசும்போது ஓடிட்டு இருந்துச்சுன்னு சொல்வோமே, அதுதான் இது" என்று முடிச்சுப் போடுங்கள். அந்த முடிச்சு இல்லாமல் இருபது முறை எழுத்துக்கூட்டச் சொல்வதில் பயனில்லை. தினமும் வாசித்துக் காட்டிய வீட்டுப் பிள்ளைக்கு இந்த முடிச்சே தேவைப்படாது. 'ஓடிக்கொண்டிருந்தது' அதன் காதில் ஏற்கெனவே நூறு முறை விழுந்திருக்கும். எழுத்துத் தமிழ் பிள்ளையின் காதுக்குள் போக வாசித்துக் காட்டுவதைப் போல எளிய வழி வேறில்லை. 2015இல் வெளியான ஒரு ஆய்வில் நூறு படப் புத்தகங்களின் சொற்களைப் பெரியவர்கள் சிறு பிள்ளைகளோடு பேசும் பேச்சோடு ஒப்பிட்டபோது, புத்தகங்களில்தான் வெவ்வேறு சொற்கள் கூடுதலாக இருந்தன. அது ஆங்கிலத்தில் நடந்த ஆய்வு. பேச்சும் எழுத்தும் இவ்வளவு விலகி நிற்கும் தமிழில் இந்த வேறுபாடு குறைய வழியில்லை.

வாசித்துக் காட்டுவதற்கு நடிப்புத் திறமை வேண்டாம். பேசும் வேகத்தைவிடச் சற்று மெதுவாக, பக்கம் புரட்டுவதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்தி வாசித்தால் போதும். அந்த நிறுத்தத்தில்தான் பிள்ளை படத்தைப் பார்க்கிறது. முதல் முறை வாசிக்கும்போது கேள்வி எதுவும் கேட்காதீர்கள், கதை ஓடட்டும். இரண்டாவது மூன்றாவது முறையில் பேச்சு தொடங்கலாம். பக்கத்துக்கு ஒரு கேள்வி என்று போட்டால் கதை செத்துவிடும். ஒரு புத்தகத்துக்கு மூன்று நான்கு கேள்வி போதும். அதிலும் "இது என்ன?" என்று சுட்டிக் கேட்பதைவிட, "இவன் ஏன் அழறான்?", "அடுத்து என்ன ஆகும்?" என்பவை பேச்சை வளர்க்கும். கேட்டபின் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் ஒரு நொடியில் தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். சிறு பிள்ளைக்குச் சொல் தேடி எடுக்க அதைவிட நேரம் வேண்டும்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் ஒரு பையன், பலத்த காற்று, கையைவிட்டுப் பறக்கும் குடை. "காற்று பலமாக வீசியது. குடை பறந்துபோனது" என்று இரண்டு வரி. வாசிப்பது அம்மா, கேட்பது மூன்று வயதுப் பிள்ளை.

"குடை போச்சு!"

"ஆமா, குடை பறந்து போச்சு. எங்க போச்சு?"

"மேல."

"ஆமா, மரத்துக்கு மேல பறந்து போச்சு. நீ சொல்லு பார்ப்போம்."

"மரத்துக்கு மேல பறந்து போச்சு!"

அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள். இரண்டு சொல்லில் தொடங்கிய பிள்ளை நான்கு சொல் வாக்கியத்தில் முடித்திருக்கிறது. அது சொன்னதை ஒப்புக்கொண்டு, ஒன்றிரண்டு சொல் சேர்த்து நீட்டி, திரும்பச் சொல்லவைத்ததைத் தவிர அம்மா வேறு எதுவும் செய்யவில்லை. 1988இல் வைட்ஹர்ஸ்ட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு, வழக்கம்போல வாசித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளைவிடச் சில மாத வளர்ச்சி முன்னால் இருந்தது. வாசித்த நேரம் கூடவில்லை. வாசித்த விதம்தான் மாறியது.

"அதே புத்தகத்தையே கேட்கிறாள், எனக்கு அலுத்துவிட்டது" என்று பெற்றோர் சொல்வதுண்டு. அலுக்கத்தான் செய்யும், ஆனாலும் வாசியுங்கள். 2011இல் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள், அதே புதிய சொற்களை வெவ்வேறு கதைகளில் அதே அளவு கேட்டவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். முதல் முறையில் கதை என்ன ஆகும் என்ற பதைப்பு, இரண்டாம் முறையில் படம், ஐந்தாம் முறையில்தான் சொற்களைக் கவனிக்க மனதில் இடம் கிடைக்கிறது. அலுப்பைப் போக்க ஒரு வழி: நன்றாகத் தெரிந்த வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்துங்கள். பிள்ளை கத்திக்கொண்டு முடிக்கும். வேண்டுமென்றே ஒரு பெயரை மாற்றி வாசித்தாலும் உடனே பிடித்துவிடும்.

இன்னொன்று, பெரியவர்கள் எளிதில் எதிர்பார்க்காதது. நாம் வாசித்துக் காட்டும்போது பிள்ளை எழுத்தைப் பார்க்கிறது என்று நினைக்கிறோம். நான்கைந்து வயதுப் பிள்ளைகளின் கண்ணசைவைக் கருவியால் பதிவுசெய்து 2005இல் வெளியான ஆய்வில், அவர்கள் கண் ஏறத்தாழ முழுவதும் படத்தின் மேலேயே இருந்தது. எழுத்தின் மீது பட்ட நேரம் மிகமிகக் குறைவு. அதில் தவறில்லை, படம் பார்க்கத்தான் படம். ஆனால் எழுத்தின் பக்கம் கண்ணைக் கொண்டுவர விரல் வேண்டும். எல்லா வரியிலும் அல்ல, தலைப்பில், திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியில், பெரிதாக அச்சிட்ட "டமார்!" என்ற சொல்லில் விரலை ஓட்டினால் போதும். விரல் எழுத்தின் மேலே அல்ல, அடியில் ஓட வேண்டும்.

பிள்ளை தானே வாசிக்கத் தொடங்கும்போது படிகள் உண்டு. முதலில் நீங்கள் ஒரு வாக்கியம், அதே வாக்கியத்தை அது எதிரொலிபோல. சில நாள் கழித்து இருவரும் ஒரே நேரத்தில், உங்கள் குரல் சற்றுத் தணிந்து. அதன்பின் பக்கம் மாற்றிப் பக்கம். தனியாக வாசிப்பது கடைசி. இந்தப் படிகளைத் தாண்டி முதல் நாளே தனியாக விடுவதால்தான் பாதிப் பிள்ளைகள் புத்தகத்தைக் கண்டதும் தண்ணீர் தாகம் என்று எழுந்துபோகிறார்கள். நேரம் பத்து நிமிடம் போதும். மூன்று வயதுக்குக் கீழே ஐந்து நிமிடமே அதிகம், ஒரு நாளில் இரண்டு மூன்று முறை வைத்துக்கொள்ளலாம். பிள்ளை "இன்னும்" என்று கேட்கும்போதே நிறுத்தினால் நாளைக்கு அதுவே புத்தகத்தை எடுத்து வரும். தடுமாறினால் நான்கைந்து நொடி காத்திருங்கள். வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். பொருள் கெடாத சிறு பிழையைக் கண்டுகொள்ளாதீர்கள். 'வீடு' என்பதை 'வீட்டு' என்று வாசித்ததற்காகக் கதையை நிறுத்தக் கூடாது. பழத்தைப் 'பலம்' என்று வாசித்து வாக்கியமே குழம்பினால், வரி முடியட்டும் என்று விட்டு, "பலத்தை எப்படிச் சாப்பிடுவாங்க?" என்று கேளுங்கள். தானே திரும்பிப் பார்த்துத் திருத்தும்.

புத்தகம் ஏற்றதா என்று பார்க்க விரல் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு மடங்கினால் சரியான புத்தகம். ஐந்தும் மடங்கினால் அது இன்னும் நீங்கள் வாசித்துக் காட்டவேண்டிய புத்தகம். ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிதான் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, மூன்று நான்கு பக்கம் சேர்த்துப் பாருங்கள். படக்கதை, விடுகதை, வண்டிகளின் பெயர்ப் பட்டியல், பூச்சிகளைப் பற்றிய தகவல் புத்தகம் எல்லாம் வாசிப்புதான். படக்கதையைக் கீழாக நினைப்பது பெரியவர்களின் பிழை. வாயிலிருந்து கிளம்பும் குமிழுக்குள் இருப்பதைத்தான் பல பிள்ளைகள் முதன்முதலில் யாரும் சொல்லாமல் வாசிக்கிறார்கள்.

புத்தகங்களைக் கிழிந்துவிடும் என்று அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். எட்டு பத்துப் புத்தகத்தை அட்டை முகம் தெரியும்படி, பிள்ளையின் மார்பு உயரத்தில் சாய்த்து வையுங்கள். ஒரு சாண் உயரக் கூடையும் போதும். முதுகு மட்டும் தெரியும்படி நெருக்கி அடுக்கினால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எல்லாம் ஒரே புத்தகம்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கைந்தை மாற்றுங்கள், பிடித்தது எது என்று கேட்டு அதை மட்டும் விட்டுவையுங்கள். கிழிந்தால் ஒட்டும் நாடாவைக் கொண்டுவந்து பிள்ளையையே பிடிக்கச் சொல்லி ஒட்டுங்கள். வாசிக்கும்போது வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின் மேல் விழட்டும். தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும். உங்கள் கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். மடியில் கவிழ்த்து வைத்தாலும் அது அதிரும்போது உங்கள் கண் போகும், பிள்ளையின் கண்ணும் போகும்.

இனி, நல்லெண்ணத்தோடு செய்து கெடுப்பவை. "பத்துப் புத்தகம் முடித்தால் பொம்மை வாங்கித் தருகிறேன்" என்பது முதலாவது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டிச் சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிறகு தாமாக விளையாடும் நேரத்தில் மற்றவர்களைவிடப் பாதி அளவே அந்தப் பேனாவைத் தொட்டார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறை இல்லை. பரிசு வாக்குறுதி, ஆசையாகச் செய்ததைக் கூலி வேலையாக்கிவிடுகிறது. கொடுக்கத்தான் வேண்டுமென்றால் இன்னொரு புத்தகத்தைக் கொடுங்கள், அல்லது விளக்கணைப்பதைப் பத்து நிமிடம் தள்ளிவையுங்கள். இரண்டாவது, "டிவி கிடையாது, போய்ப் புத்தகம் படி" என்ற தண்டனை. மூன்றாவதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது: கதை முடிந்த கையோடு "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று நீதி கேட்பது. பிள்ளை அப்போதுதான் அழுகையிலிருந்தோ சிரிப்பிலிருந்தோ வெளியே வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பாடம் ஒப்பிக்கச் சொன்னால், அடுத்த கதையைக் கேட்கும்போது அது கதையைக் கேட்காது, கடைசியில் சொல்லவேண்டிய விடையைத் தேடும். பேசாமல் இருங்கள். கேட்டே ஆகவேண்டுமென்றால், "உனக்கு எந்தப் பக்கம் பிடிச்சது?" என்று கேளுங்கள்.

வீட்டிலேயே ஒரு புத்தகம் செய்வதை எல்லாப் பெற்றோருக்கும் பரிந்துரைக்கிறோம். நான்கு ஏ4 தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 16 பக்கம். மடிப்பில் மூன்று துளை போட்டு, நடுத்துளையில் தொடங்கி நடுத்துளையிலேயே முடியும்படி நூல் கோத்துக் கட்டுங்கள். பக்கத்தின் மேல் பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு படத்துக்கு. கீழே ஒரே ஒரு வரி, எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரம். பிள்ளை சொல்வதை அது சொன்னபடியே எழுதுங்கள். "பூனை எம்மேல ஏறி உக்காந்துச்சு" என்றால் அப்படியே. கொச்சைத் தமிழை எழுதிக் காட்டலாமா என்று சிலர் தயங்குவார்கள். இந்த ஒரு புத்தகத்தில் எழுதலாம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. தன் வாயிலிருந்து வந்தது தாளில் உறைந்து, நாளைக்கும் அதே சொல்லாகத் திரும்பி வருவதைப் பார்க்கும்போதுதான் எழுத்து என்பது என்ன வேலை செய்கிறது என்று பிள்ளைக்குப் புரிகிறது. இரண்டாவது மூன்றாவது புத்தகத்தில் ஒரு பக்கத்தில் பேச்சு வரி, எதிர்ப்பக்கத்தில் அதே வரி எழுத்துத் தமிழில் என்று எழுதிப் பாருங்கள்.

வாசிக்கத் தெரியாத தாத்தா பாட்டியோ பெற்றோரோ ஒதுங்க வேண்டாம். எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் உண்டு. படத்தைப் பார்த்து அவர்கள் ஒருமுறை கதை சொல்ல, பிள்ளை அடுத்த முறை வேறு கதை சொல்லலாம். கேட்டுப் புரியும் திறனுக்கு இது முழு உணவு. வீட்டில் இரண்டு மொழி புழங்கினால், வாசிப்பவருக்கு எது சரளமோ அந்த மொழியில் வாசிக்கட்டும். கைக்குழந்தைக்கு அட்டைப் புத்தகம் போதும். அது கடிக்கும், எச்சில்படுத்தும், நான்கு பக்கத்தை ஒன்றாகப் புரட்டும். அந்த வயதில் புத்தகம் வாசிப்பது என்றால் அதுதான்.

எல்லாம் செய்தும் வாசிப்பு வராத பிள்ளைகள் உண்டு. ஆறு ஏழு வயதுவரை எழுத்தைத் திருப்பிப் போடுவது பெரிய விஷயமல்ல. ஆனால் முறையாகக் கற்றுக்கொடுத்து இரண்டு ஆண்டு ஆன பிறகும் முதல் எழுத்தை மட்டும் பார்த்து மீதியை ஊகித்தால், நேற்று பலமுறை வாசித்த சொல் இன்று புதிதாகத் தெரிந்தால், வரி தப்பிக்கொண்டே இருந்தால், முதலில் கண் பரிசோதனை, அடுத்து காது பரிசோதனை. இரண்டும் சரி என்றால் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிரமமா என்று அறிந்தவர்களிடம் காட்டுங்கள். அது சோம்பலும் அல்ல, அறிவுக்குறைவும் அல்ல. அடித்தால் போகாது, தனிமுறையில் கற்பித்தால் முன்னேறும். அந்தப் பிள்ளைக்குத்தான் மற்றவர்களைவிட அதிகமாக வாசித்துக் காட்ட வேண்டும். கண் பின்தங்கியிருக்கும் காலத்தில் காதும் பட்டினி கிடக்கக் கூடாது.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே, உங்களிடமே ஒரு வேண்டுகோள். வீட்டில் புத்தகம் இல்லாவிட்டாலும் நாளிதழ் வருகிற வீடுகள் உண்டு. ஆனால் நாளிதழ்களின் சிறுவர் பகுதியைத் தொடக்க வாசகர்கள் வாசிக்க முடிவதில்லை. குறுகிய பத்தியில் வரி முடியும் இடத்தில் சொல் பாதியில் வெட்டுப்பட்டு, அடையாளம் எதுவுமின்றி அடுத்த வரியில் தொடர்கிறது. நமக்குப் பழகிவிட்டது, ஏழு வயதுப் பிள்ளைக்கு அது இரண்டு தெரியாத சொற்கள். படத்தின் மேலேயே எழுத்து ஓடுகிறது, கருநீலத்தின் மேல் மஞ்சள் எழுத்து வருகிறது. இவற்றை மாற்றுவது கடினமல்ல. எழுத்து 16 முதல் 18 பாயிண்ட். வரிக்கு நான்கு முதல் ஆறு சொல். சொல்லை எங்கும் வெட்டாமல், வலப்பக்கத்தைச் சமப்படுத்தாமல் விடுங்கள். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து. பிரித்து எழுத இடமுள்ள சொற்களைப் பிரித்தே அச்சிடுங்கள். பிள்ளை தானே வாசிக்க நூறு சொல்லுக்குள் ஒன்று, அதன் பக்கத்தில் பெற்றோர் வாசித்துக் காட்ட நானூறு சொல்லில் ஒன்று. வாசித்துக் காட்டும் வேகத்தில் அது நான்கைந்து நிமிடம்தான் வரும்.

வாரத்துக்கு ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்க முடிந்தால் அதையே புத்தகமாக்கிவிடலாம். நீளவாக்கில் இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு கட்டம். மேல் வரிசை நான்கையும் தலைகீழாக அச்சிட வேண்டும். எட்டுக் கட்டமாக மடித்துப் பிரித்து, நடுவில் இரண்டு கட்ட அகலத்துக்கு மட்டும் கத்தரித்து, நீளவாக்கில் மடித்து இரு முனையையும் உள்நோக்கித் தள்ளினால், ஊசி நூல் பசை எதுவுமில்லாமல் எட்டுப் பக்கப் புத்தகம் பிள்ளையின் கையில் இருக்கும். தாளின் பின்புறம் மடிப்புக்குள் மறைந்துவிடும் என்பதால் அங்கே நீங்கள் எந்த விளம்பரத்தையும் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தொடக்க வகுப்புகளில் வாசிப்பு கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்